வேரை அளக்க லட்ச ரூபாய் வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நெல் நாற்றின் மொத்த வேர் நீளத்தை அளக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எங்கள் துறையில் இல்லை. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் அளந்தால் வைவாவில் ஏற்றுக்கொள்வார்களா ஐயா?
— மாணவி, திருச்சி

பதில்: தாராளமாக ஏற்பார்கள் அம்மா. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பண்ட் என்பவர் உருவாக்கியது அது. 1997-லிருந்து உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் ஓடுகிறது. வைவாவில் யாரும் மென்பொருளின் விலையைக் கேட்கப்போவதில்லை. வேரைப் படமெடுத்த ஸ்கேனரை எத்தனை டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைத்தீர்கள் என்று கேட்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. 300 டிபிஐ-யில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, 0.085 மி.மீ. நெல்லின் மெல்லிய பக்கவேர்கள் பல 0.1 மி.மீ. தடிமன்கூட இருக்காது. அவை பாதி தெரியும், பாதி மறையும். மொத்த நீளத்தில் பெரும்பங்கு அந்தச் சல்லி வேர்களில்தான் இருக்கிறது. 600-க்குக் கீழே இறங்காதீர்கள். அதில் ஒரு பிக்சல் 0.042 மி.மீ. படத்தை டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் வேரின் ஓரத்தைக் கலங்கடித்துவிடும்.

கண்ணாடித் தட்டில் அரை சென்டிமீட்டருக்குள் தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் வேர்களைப் பிரித்து விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு வேர் படத்தில் ஒரு வேர்தான். பொறுமை தேவைப்படும் வேலை இது ஒன்றுதான், ஆனால் எல்லோரும் இதில்தான் அவசரப்படுகிறார்கள். வேர் வெளுப்பாக இருந்தால் பின்னால் கறுப்புத் துணி போடுங்கள்.

பிறகு இமேஜ்ஜேயில் மூன்று கட்டளைகள்: பிக்சலை மி.மீ.யாக மாற்ற செட் ஸ்கேல், வேரைப் பின்னணியிலிருந்து பிரிக்க த்ரெஷோல்டு, வேரைக் கோடாக்க ஸ்கெலிடனைஸ். த்ரெஷோல்டு எண்ணை எல்லாப் படத்துக்கும் ஒன்றாக வையுங்கள். உரம் போட்ட நாற்றுக்கு ஒன்று, போடாததற்கு ஒன்று என்று கண்ணுக்கு அழகாகத் தெரிகிறபடி நகர்த்தினால், நீங்கள் விரும்பும் முடிவே வரும்!

ஸ்கெலிடனைஸ் கொடுத்ததும் வேர் ஒரு பிக்சல் கோடாக மெலியும். அந்தப் பிக்சல்களை வெறுமனே எண்ணி நீளம் என்று எழுதிவிடாதீர்கள். சாய்வாகப் போகும்போது ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்குத் தூரம் 1 அல்ல, 1.414. 45 டிகிரியில் கிடக்கும் வேரில் 29 சதவீதம் குறைந்துபோகும். இமேஜ்ஜேயின் விரிவான வடிவமான ஃபிஜியில் இருக்கும் அனலைஸ் ஸ்கெலிடன் என்ற கருவி அந்தச் சாய்வையும் சேர்த்தே கணக்கிடும். நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தால் ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருளைப் பாருங்கள். அதுவும் இலவசம், வேருக்கென்றே செய்தது, விட்டமும் தரும்.

நம்பிக்கை வரவேண்டுமா? சரியாக ஒரு மீட்டர் மெல்லிய செம்புக் கம்பியை வெட்டி, துண்டாக்கி, அதே தட்டில் போட்டு அளந்து பாருங்கள். 100 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் சரி. அந்த எண்ணையும் ஆய்வேட்டில் போடுங்கள், கேள்விக்கே இடமிருக்காது.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஸ்கேனரே இல்லை. செல்போன் படம் போதுமா?
— உயிரியல் ஆசிரியர், பாபநாசம்

பதில்: ஆணிவேரின் நீளத்துக்குப் போதும் சார். போனை நேர் மேலே பிடித்து, வேர் கிடக்கும் மட்டத்திலேயே ஸ்கேலை வைத்து எடுங்கள். சல்லி வேருக்குப் போன் வேண்டாம், 1 செ.மீ. கட்டம் போட்ட தாள்மேல் கண்ணாடித் தட்டை வையுங்கள். நெடுக்கும் குறுக்குமாக உள்ள கோடுகளை வேர் எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று எண்ணி, 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் நீளம் செ.மீ.யில் வரும். 70 வெட்டு என்றால் 55 செ.மீ. டெனன்ட் என்ற ஆய்வாளர் 1975-இல் எளிமையாக்கிக் கொடுத்த முறை இது. கரண்டு போனாலும் வகுப்பு நிற்காது.