எம்.எஸ். இருப்பவர்கள் உடற்பயிற்சி செய்தால் நோய் முற்றிவிடுமா?

விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். கொஞ்ச தூரம் வேகமாக நடந்தாலே கண் மங்குகிறது, கால் இழுக்கிறது, அதனால் நடப்பதையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கும் நோய் இது. கண் எனக்கும் அப்படித்தான் மங்கும்.

அதற்கு ஊட்ஹாஃப் விளைவு என்று பெயர். 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். உடல் உழைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார், உண்மையில் காரணம் உடற்சூடு என்பது பிற்பாடுதான் புரிந்தது. மயலின் என்ற அந்த உறை அரிக்கப்பட்ட நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அதன் வழியே போகும் செய்தி தடுமாறும். சூடு தணிந்ததும் பார்வை பழையபடி ஆகிவிடும். அதனால் புதிதாக எந்த நரம்பும் கெடுவதில்லை. ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்து எம்.எஸ்.ஸைக் கண்டுபிடித்தார்களாம். கொடுமைதான்!

உங்களுக்கு இருக்கும் இதே பயம் மருத்துவர்களுக்கும் வெகுகாலம் இருந்தது, ஓய்வெடு என்றே சொல்லி அனுப்பினார்கள். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 54 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு 15 வாரம் மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி கொடுத்தபோது, தெம்பும் மனநிலையும் மேம்பட்டன. இப்போது, உடல்நிலை இடம்கொடுக்கும் அளவுக்கு, வாரத்துக்கு 150 நிமிடம் வரை உடலை அசைக்கச் சொல்கிறார்கள். நேராக அந்த எண்ணுக்குப் போய்விடாதீர்கள்.

நான் காலையில்தான் செய்வேன், உடற்சூடு குறைவாக இருக்கும் நேரம் அது. தொடங்குமுன் நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் குடிப்பேன், மின்விசிறி முகத்துக்கு நேராக ஓடும். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் எனக்குச் சரிப்படுகிறது, தலைசுற்றினாலும் விழ மாட்டேன். நீச்சல் தெரிந்தால் இன்னும் நல்லது, ஆனால் வெந்நீர்க் குளம் வேண்டாம். தசை இறுக்கத்துக்கு நீட்சிப் பயிற்சி. பாதம் தொங்கித் தரையில் தட்டினால், பிசியோதெரபிஸ்டிடம் கணுக்கால் பட்டை பற்றிக் கேளுங்கள்.

அசதிதான் பெரிய வில்லன். வெளியில் இருப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியும், விளக்கி மாளாது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் அதிக கவனம் வேண்டும். இன்னும் செய்யலாம் என்று தோன்றும்போதே இறங்கிவிடுவேன். இல்லாவிட்டால் மறுநாள் எழ முடியாது. சமையலோ துணி மடிப்பதோ, உட்கார்ந்து செய்ய முடிந்ததை நின்று செய்வதில்லை. அந்தத் தெம்பு சைக்கிளுக்கு வேண்டும்.

அப்புறம், அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். புகைப்பவராக இருந்தால் அதை நிறுத்துவது எந்தப் பயிற்சிக்கும் முன்னால் வரும். நோயை வேகப்படுத்துவது அதுதான்.

பயிற்சியில் வந்த மங்கல் ஓய்வெடுத்ததும் போய்விட்டால் கவலை இல்லை. புதிய அறிகுறி ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பயிற்சியை நிறுத்தி நரம்பியல் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள், அவையும் உடற்சூட்டை ஏற்றி ரிலாப்ஸ் (நோய் மறுபடி தாக்குவது) போலவே காட்டும். உண்மையான ரிலாப்ஸ் என்றால், சிகிச்சை முடிந்து மருத்துவர் சரி என்றதும், விட்ட அளவுக்குக் கீழே இருந்து தொடங்குங்கள்.