தள்ளாடினால் மட்டும் வெறியாகிவிடாது

போன கிழமை முள்ளியவளையில் திரைகட்டி, 1953இல் வந்த 'தேவதாஸ்' படத்தைப் போட்டோம். காதல் கைகூடாமல் குடித்து அழிகிறவனின் கதை அது. பிறகு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறேன். நான் நாடகம் பழக்குகிறவன், வைத்தியன் இல்லை. முதலே ஒன்று: வெறிகாரனாக நடிப்பதற்காக ஒருவரும் குடிக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான்: ஐயா, வெறியை எப்படி நடிப்பது? நான் தள்ளாடினால் சனம் சிரிக்கிறது.

சிரிக்கத்தான் செய்யும். குடித்துவிட்டுத் தவறணையால் வருகிறவனைப் பாரும். அவன் தள்ளாட முயல்வதில்லை, நேராக நடக்கத்தான் படாதபாடு படுகிறான். சமதரையில் பள்ளம் இருப்பதுபோல் காலை வைப்பான். வெறி இல்லை என்று காட்ட ஒவ்வொரு சொல்லாக எண்ணிக் கதைப்பான். அந்த மறைப்பைத்தான் நீர் நடிக்க வேண்டும்.

தேவதாஸாக நடித்த நாகேசுவரராவிடம் கண்ணைப் பாரும். இமை பாதி இறங்கி நிற்கும். வயிறு முட்டத் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு இரவில் நடித்ததால் அந்தச் சொக்கல் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கவனியும், தயிர்ச்சோறு!

குடிக்கு அடிமையானவன் இன்னொரு வகை. 1995இல் வந்த 'லீவிங் லாஸ் வேகாஸ்' படத்தில் நிக்கலஸ் கேஜ் காசோலை மாற்ற வங்கிக்குப் போவார். கை நடுங்கும், கையெழுத்து வராது. வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தபிறகுதான் பேனா நிற்கும். அவனைக் குடி ஆட்டவில்லை, குடி இல்லாததுதான் ஆட்டுகிறது. இது விளங்கினால் பாதி நடிப்பு வந்துவிடும். அந்த வேடத்துக்கு அவர் ஆஸ்கார் வாங்கினார்.

மல்லாவி: கொஞ்சம் போட்டுவிட்டு மேடையேறினால் இயல்பாக வராதா அண்ணை?

வராது. வசனம் மறக்கும். மேலே முதல் பந்தியை வாசியும்.

பரந்தன்: வேறு வேறு படங்களில் தேவதாஸாக வந்த சைகால், திலீப்குமார், ஷாருக்கான், நாகேசுவரராவ். ஆர் திறம்?

சைகால் குரலால் நடித்தார், திலீப்குமார் (1955) மௌனத்தால். ஷாருக்கானின் 2002 படத்தில் எனக்கு உடுப்புத்தான் நினைவில் நிற்கிறது. அடிபட வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: படம் முழுக்க நாகேசுவரராவுடையது. சாவித்திரி அழுததைவிட என்ன செய்தார்?

இதற்குத்தான் காத்திருந்தேன். குடித்து அழிகிறவனின் காதல் கதையில் காதலைச் சுமப்பது மற்றவர். அவன் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்பதை அவனைப் பார்த்து அறிவதில்லை, அவனைப் பார்க்கிறவளின் முகத்தில்தான் அறிகிறோம். தேவதாஸின் காதலி பார்வதி, அதாவது சாவித்திரி, வயதான ஜமீன்தாரைக் கட்டியபிறகு, குடியை விடு என்று தேவதாஸிடம் கேட்க வருவாள். கேட்பவளுக்கே தெரியும், விடமாட்டான் என்று. அந்த இரண்டையும் ஒரே முகத்தில் வைத்தார் சாவித்திரி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட இல்லை.

மாங்குளம்: புதுக்குடியிருப்பார் சொன்னது சரி. 'உலகே மாயம்' பாட்டு ஒன்று போதுமே!

பாட்டு கண்டசாலாவுடையது, தம்பி. நடிப்புக் கணக்கில் சேராது.

புதுக்குடியிருப்பு (மறுபடி): வாயசைத்தது ஆர்?

சரி, அது நியாயம். ஆனாலும் எங்கள் கோவலன் கூத்தைப் பாருங்கள். மாதவியிடம் போய் எல்லாம் தொலைத்தவன் கோவலன், கூத்துக்குப் பெயரும் அவன் பெயர். விடியப்புறம் சனம் ஆருக்காக முழித்திருக்கிறது? கண்ணகிக்காக.

விசுவமடு: நாளைக்கே குடியை விடப்போவதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். கை நடுங்குகிறது. படத்தைக் காட்டினால் திருந்துவாரா?

தங்கச்சி, படம் மருந்தாகாது. கனகாலம் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், உயிருக்கும் ஆபத்து. நிறுத்தமுன் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்கள், இன்றைக்கே.

நெடுங்கேணி: படத்தில் தேவதாஸை நேசிக்கிற தாசி சந்திரமுகியாக வந்தது ஆர்?

லலிதா. திருவாங்கூர் சகோதரிகளில் மூத்தவர்.

துணுக்காய்: ஐயா, ஒரேயொரு பியர் மட்டும் குடித்துவிட்டு நடித்தால்…

நாடகம் எந்த நாள், எந்த மேடை என்று எழுதும். நான் முன்வரிசையில் வந்து இருக்கிறேன், தயிர்ச்சோற்றுப் பார்சலோடு.