சொல் தெளிவோம்: ஆய்வுக் கட்டுரையா, ஆய்வு நூலா?

கேள்வி: அறிவியல் வரலாறு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மேக்ஸ்வெல் 1873இல் வெளியிட்ட மின்னியல், காந்தவியல் நூலின் தலைப்பில் ‘ட்ரீட்டைஸ்’ என்ற சொல் வருகிறது. அகராதியில் ‘ஆய்வுக் கட்டுரை, ஆய்வுரை’ என்று இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டையும் எடுக்காதீர்கள். அது இரண்டு தொகுதிகளாக வந்த பெரும் படைப்பு. கட்டுரை என்று எழுதினால், இதழில் சில பக்கங்களில் வந்தது என்றே வாசகர் நினைப்பார். அதே மேக்ஸ்வெல் 1865இல் ராயல் சொசைட்டியின் இதழில் மின்காந்தப் புலம் பற்றி எழுதியதுதான் ஆய்வுக் கட்டுரை. உங்கள் புத்தகத்தில் இரண்டும் வரக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எது எதுவென்று தெரியாமல் போகும்.

‘ஆய்வுரை’யில் வேறு சிக்கல் இருக்கிறது. உரை என்றால் பேச்சு. பரிமேலழகர் உரை என்பது போல விளக்கமும்தான். ஆகவே அதைக் கருத்தரங்கில் பேசுவதற்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பொருளை எடுத்து, அதன் அடிப்படை முதல் கிளைகள் வரை முறைப்படுத்திச் சொல்வதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: நூல். புலவன் நூல் செய்வதைப் பஞ்சை இழையாக நூற்பதற்கு ஒப்பிடுகிறது நன்னூல் பாயிரம்: ‘பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக’. அடுத்த பாட்டில், மரத்தின் கோணலைக் காட்டும் தச்சனின் நூல் வருகிறது. நூற்றலும் வேண்டும், நேராக்கலும் வேண்டும். விபுலானந்தர் பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுரக் கணக்கையும் விரிவாக ஆராய்ந்து 1947இல் வெளியிட்டதற்கு ‘யாழ்நூல்’ என்றுதான் பெயர். அதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று எந்தப் புத்தகமும் நூல்தான் என்பதால், உரைநடைக்குள் ‘ஆய்வு நூல்’ என்று எழுதுங்கள். தலைப்பில் ‘மின்னியல், காந்தவியல் நூல்’ போதும். ‘பனுவல்’ வேண்டாம், இன்றைய திறனாய்வில் அது எந்த எழுத்துப் பிரதிக்கும் பொதுச்சொல். ‘சாத்திரம்’ என்றால் மரபாக ஏற்கப்பட்ட அதிகாரம் தொனிக்கும். மெய்கண்ட சாத்திரங்களுக்கும் கௌடில்யரின் அர்த்தசாத்திரத்துக்கும் பொருந்தும், மேக்ஸ்வெல்லுக்குப் பொருந்தாது.

கேள்வி: ‘முனைவர் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையை அளித்தார்’ என்று செய்திகளில் வருகிறதே, சரியா?

பதில்: பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பது ஆய்வேடு. கட்டுரை கருத்தரங்கில் வாசிக்கப்படும், இதழில் வெளிவரும். இலங்கைத் தமிழில் ‘கலாநிதிப் பட்ட ஆய்வேடு’ என்பார்கள். அங்கே கலாநிதி, இங்கே முனைவர். ஆய்வேடு பின்னர் அச்சில் வந்தால் ஆய்வு நூலாகிவிடும். முன்னுரையில் ‘முனைவர் பட்ட ஆய்வேட்டின் நூல்வடிவம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், மேற்கோள் காட்டுபவர் குழம்பமாட்டார்.

வேற்றுமை உருபு சேர்க்கும்போது கவனம் தேவை: ஆய்வேட்டை, ஆய்வேட்டில், ஆய்வேட்டுக்கு. வீடு ‘வீட்டை’ ஆவதைப் போலத்தான். ‘ஆய்வேடை, ஆய்வேடில்’ பிழை. பன்மையில் டகரம் இரட்டிக்காது: ஆய்வேடுகளை, ஆய்வேடுகளில்.

கேள்வி: ‘ஆய்வு கட்டுரை’ என்று இடைவெளி விட்டு எழுதினால் ஒற்று வேண்டாம்தானே?

பதில்: இடைவெளி விட்டாலும் வேண்டும். ஆய்வுக் கட்டுரை, ஆய்வுச் சுருக்கம், ஆய்வுத் தொகுப்பு, ஆய்வுப் பதிப்பு. வருமொழி க, ச, த, ப வரிசையில் தொடங்காவிட்டால் மிகாது: ஆய்வு நூல், ஆய்வு முறை. எழுவாயாக நிற்கும்போதும் மிகாது: ‘அவருடைய ஆய்வு சிறந்தது’.