நாளைய பந்தயக் கார் எப்படி இருக்கும்? கேள்வி பதில்

வருங்காலப் பந்தயக் கார்களின் வடிவம், பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஃபார்முலா 1 என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

கேள்வி: இன்னும் 20 வருடத்தில் பந்தயக் கார்கள் மணிக்கு 500 கிலோமீட்டர் தொடுமா சார்?

பதில்: அப்படி ஒரு காரைச் செய்யலாம், பந்தயத்தில் விடமாட்டார்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 1994இல் இத்தாலியின் இமோலா பந்தயத்தடத்தில் ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கரும் சென்னாவும் அடுத்தடுத்த நாளில் மோதி இறந்தார்கள். மறு வருடமே இன்ஜின் அளவு 3.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறைக்கப்பட்டது. பொறியாளர்கள் வேகத்தைக் கூட்டுவதும் விதிகள் அதை இறக்குவதும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: காரையே உடையாதபடி கெட்டியாகச் செய்துவிட்டால் ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகாதே?

பதில்: பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு மீட்டருக்குள் நின்றுபோனால், ஓட்டுநர் மீது சராசரியாக 157 ஜி விசை விழும். அதாவது அவருடைய எடையைப் போல 157 மடங்கு. அதே கார் நிற்க மூன்று மீட்டர் கிடைத்தால் அது 52 ஜி ஆகிவிடும். கார் உடையாவிட்டால் அந்தத் தூரம் கிடைக்காது, அடி முழுவதும் உள்ளே இருப்பவருக்குப் போகும்.

அதனால் மூக்குப் பகுதி நொறுங்கியே தீர வேண்டும். ஓட்டுநர் உட்காரும் கூடு மட்டும் நொறுங்கக் கூடாது. ஃபார்முலா 1இல் அந்தக் கூட்டைக் கார்பன் ஃபைபரில் (எடை குறைந்த, வலுவான கார்பன் இழைப் பொருள்) முதலில் செய்தது மெக்லாரன் அணியின் 1981 கார். அதே வருடம் இத்தாலியின் மோன்சா தடத்தில் ஓட்டுநர் ஜான் வாட்சன் அந்தக் காரில் பயங்கரமாக மோதிவிட்டு நடந்து வந்தார். கார்பன் ஃபைபர் தூளாகிவிடும் என்று சொன்னவர்கள் அன்றோடு அடங்கினார்கள். 2020இல் பஹ்ரைனில் ரொமைன் க்ரோஜான் மணிக்கு 192 கிலோமீட்டரில் இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு போனார். விசை 67 ஜி. கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. கூடு தாங்கியது. ஹேலோ, அதாவது ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும் வளையம், இரும்புத் தடுப்பு தலையில் படாமல் விலக்கியது. அரை நிமிடத்துக்குள் அவரே வெளியே வந்தார், கைகளில் தீக்காயம்.

இனி சரிசெய்ய வேண்டியது இரண்டாவது மோதல். முதல் அடியிலேயே மூக்கு பிய்ந்து போய்விட்டால் அடுத்த அடிக்குக் காப்பு இருக்காது. ஃபார்முலா 1இன் 2026 விதிகளில் மூக்கு இரண்டு கட்டமாக நொறுங்க வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

கேள்வி: அண்ணா, போர் விமானம் மாதிரி மேலே முழுவதும் கண்ணாடிக் கூண்டு போட்டால் என்ன?

பதில்: பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடும் முன்னணிக் கார்கள் மூடியவைதான். ஆனால் கார் தலைகீழாகக் கிடந்தால் கூண்டைத் திறப்பது எப்படி? 2022இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஓட்டுநர் ஜோ குவான்யூவின் கார் கவிழ்ந்து, டயர்த் தடுப்புக்கும் வேலிக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. அந்த நிலையில் ஒரு மூடியும் இருந்திருந்தால்? அப்புறம் உள்ளே ஏறும் வெப்பம், கண்ணாடியில் தெறிக்கும் எண்ணெய், மழை எல்லாம் இருக்கின்றன. அமெரிக்கப் பந்தயத் தொடரான இண்டிகார் 2020இல் கொண்டுவந்த ஏரோஸ்கிரீன் நல்ல நடுவழி: முன்னால் கண்ணாடி, மேலே திறப்பு. ஃபார்முலா 1உம் அந்தப் பக்கம்தான் போகும் என்று நினைக்கிறேன். 2018இல் ஹேலோ வந்தபோது அழகைக் கெடுக்கிறது என்று எதிர்த்தவர்கள் ஏராளம். இன்று அது இல்லாத காரைப் பார்த்தால்தான் நெஞ்சு பதறுகிறது.

கேள்வி: சாதாரணக் காரில்கூட ஏர்பேக் இருக்கிறது. இதில் ஏன் இல்லை?

பதில்: உடலைப் பட்டைகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தலை முன்னால் பாய்ந்து கழுத்து முறியாமல் இருக்க, தோளில் அணிந்து ஹெல்மெட்டோடு இணைக்கும் ஹான்ஸ் கருவி இருக்கிறது. ஃபார்முலா 1இல் அது 2003 முதல் கட்டாயம். பை விரிய இடமும் இல்லை, தேவையும் இல்லை. மோட்டோஜிபி பைக் பந்தய ஓட்டுநர்களின் உடையில் ஏர்பேக் உண்டு, அங்கே சுற்றிக் கூடு இல்லையே.

கேள்வி: மின்சாரக் கார் மோதினால் ஷாக் அடிக்காதா?

பதில்: அடிக்கக்கூடும் என்பதால்தான் காரில் விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை எரிந்தால் தொடலாம், சிவப்பு என்றால் கை வைக்கக் கூடாது. அப்போது ஓட்டுநர் காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் குதித்து இறங்க வேண்டும். என் கவலை பேட்டரித் தீ மேல்தான். அணைந்தது போலிருந்து பல மணி நேரம் கழித்தும் மறுபடி பிடிக்கும். நாளைய காரில் பேட்டரிக்கும் ஓட்டுநருடையதைப் போலவே ஒரு கெட்டியான கூடு வேண்டும்.

கேள்வி: கார்கள் ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டன?

பதில்: ஹைப்ரிட் (பெட்ரோலோடு மின்சாரமும் சேர்ந்து ஓட்டும்) கருவிகள், பேட்டரி, பாதுகாப்புப் பாகங்கள் எல்லாம் சேர்ந்துதான். ஃபார்முலா 1 காரின் குறைந்தபட்ச எடை 2010இல் 620 கிலோ, 2025இல் 800 கிலோ. எடை ஏறினால் தடுப்புச் சுவர் விழுங்க வேண்டிய ஆற்றலும் ஏறும். 2026இல் 768 கிலோவாக இறக்கி, அகலத்தில் 10 சென்டிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். போதாது. இன்னும் இறக்க வேண்டும்.

கேள்வி: சக்கரம் பிய்ந்து பார்வையாளர்கள் மேல் விழுந்தால்?

பதில்: 1999 முதல் சக்கரங்களைக் கம்பி போன்ற வலுவான நாடாக்களால் காரோடு கட்டுகிறார்கள். அவையும் சில சமயம் அறுந்துவிடுவதால் வேலி தேவைப்படுகிறது.

கேள்வி: ஓட்டுநரே இல்லாத பந்தயம் வந்துவிட்டால் பாதுகாப்புப் பிரச்சினையே தீர்ந்ததே?

பதில்: வந்தே விட்டது. 2021இல் இண்டியானாபோலிஸிலும் 2024இல் அபுதாபியிலும் தானியங்கிக் கார்கள் ஓடின. எனக்கு அந்தப் போட்டியைவிட அதிலுள்ள நுட்பம்தான் முக்கியம். 2019இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், மேடேறும் வளைவுக்கு அப்பால் தடுப்பில் மோதித் தடத்துக்கே திரும்பி வந்த ஃபார்முலா 2 ஓட்டுநர் ஆந்த்வான் உபேரின் காரைப் பின்னால் வந்த கார் பக்கவாட்டில் இடித்தது. உபேர் இறந்தார். பின்னால் வருபவருக்கு ஒரு நொடி முன்னால் தெரிந்தால்கூடப் போதும், எவ்வளவோ மாறும். கார்கள் ஒன்றுக்கொன்று நேரடியாக எச்சரிக்க வேண்டும், ஆபத்தான பகுதியில் வேகம் தானாகப் படிப்படியாகக் குறைய வேண்டும். திடீரென்று குறைத்தால் பின்னால் இருப்பவர் வந்து இடிப்பார். ஓட்டுநரின் சுதந்திரம் போய்விடும் என்கிறார்கள். டயர் மாற்ற நிறுத்தும் பிட் பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் ஏற்கெனவே இருக்கிறதே?

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிப் போட்டிக்கு எதிர்காலப் பந்தயக் கார் வரையப் போகிறேன். எங்கிருந்து தொடங்கலாம் அண்ணா?

பதில்: சபாஷ். இறக்கைகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் உட்கார்ந்திருக்கும் ஆளை வரை. பாதங்கள் முன் அச்சுக்குப் பின்னால் இருக்கட்டும், 1988 முதல் ஃபார்முலா 1இல் அதுவே விதி. அவரைச் சுற்றிக் கூடு, முன்னாலும் பக்கங்களிலும் பின்னாலும் நொறுங்க இடம், தலைக்கு மேல் வளையம். அவர் தானாக எழுந்து வெளியேறும் வழியை ஒரு அம்புக்குறியால் காட்டு. காரைத் தலைகீழாகவும் ஒருமுறை வரைந்து, அந்த வழி அப்போதும் திறந்திருக்கிறதா என்று பார்.