கோவையிலிருந்து பெங்களூருக்கு மாறலாமா? ஒரு டெக்னிக்கல் ரைட்டருக்குப் பதில்

வணக்கம். கோவையில் ஆறு வருட அனுபவம், பெங்களூரில் 40 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் அழைப்பு, மகள் ஒன்றாம் வகுப்பு. போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலையை மட்டும் பார்த்தால் போகலாம். மென்பொருள் ஆவணம் எழுதுபவர்களுக்கு இந்தியாவில் பெங்களூரு, ஹைதராபாத் அளவுக்கு வாய்ப்பு வேறெங்கும் இல்லை. ஒரு வேலை போனாலும் ஊர் மாறாமல் இன்னொன்று தேடலாம். கோவையில் அது கடினம்.

ஆனால் என்ன வேலை தரப்போகிறார்கள் என்று கேளுங்கள். பழைய பயனர் கையேடுகளைத் திருத்துவது மட்டும்தான் என்றால் எனக்குத் தயக்கம்தான். அந்த வேலையைத்தான் ஏஐ கருவிகள் முதலில் குறைக்கின்றன. ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச உதவும் இணைப்பு) ஆவணம், கிட் (Git, கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி), மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை), டெவலப்பர்களோடு நேரடியாக உட்கார்ந்து எழுதுவது என்றால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வாழ்க்கை. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அந்த 40 சதவீதத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். வீட்டு முன்பணமாகவே பல மாத வாடகை கேட்பார்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் அலுவலகம் என்றால் நெரிசலில் தினம் மூன்று மணி நேரம் போகலாம், அது மகளோடு இருக்க வேண்டிய நேரம். ஒயிட்ஃபீல்டு பகுதி என்றால் 2023 முதல் மெட்ரோ இருக்கிறது.

வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்பதை ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு நாள்தான் என்றால், இந்தக் கல்வியாண்டு முடியும்வரை குடும்பம் கோவையிலேயே இருக்கட்டும். வந்தே பாரத்தில் ஆறரை மணி நேரம்தான்.