நாலு மாதப் பிள்ளை ராத்திரி அடிக்கடி எழுகிறான், பால் பத்தவில்லையா?

பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பிறக்கும்போது 2.8 கிலோ, இப்போது 5.9. நன்றாகத் தூங்கியவன் மணிக்கொரு தடவை விழிக்கிறான், மாமியார் 'பால் பத்தலை, கேப்பைக் கூழ் கொடு' என்கிறார்.

எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டதே! பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாம் மாதத்தை ஒட்டித்தான் அதை எட்டும். நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதும். கூழ், ஆறு மாதம் முடிந்த பிறகு.

இந்த வயதில் பிள்ளையின் தூக்கம் பெரியவர்களுடையதைப் போல ஆழ்ந்தும் தெளிந்தும் மாறி மாறி வரத் தொடங்கும். தெளியும்போதெல்லாம் கண் திறப்பான். சிணுங்கியதும் தூக்காமல் கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் அவனே அடங்கிவிடுவான். சேலைத் தொட்டில் பகலில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும். குப்புற விழும் வயது, ராத்திரி சமமான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம்.

அப்புறம், பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கிற வேலையை வீட்டுக்காரர் பார்க்கட்டும். மாமியாரையும் அங்கன்வாடிக்குக் கூட்டிப்போய், அட்டையில் எடைக் கோடு ஏறுவதைக் காட்டுங்கள். உங்கள் பேச்சைவிட அது எடுபடும். காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.