மகன் மாவு பிசையும் மெஷின் வடிவமைக்கிறான் என்று கவலைப்படும் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

உங்கள் மகன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறான். கூடப் படிக்கிறவர்கள் ஜாவா, பைத்தான் என்று கோச்சிங் ஓடிக்கொண்டிருக்கும்போது, இவன் மட்டும் இறுதியாண்டு புராஜெக்டுக்கு மாவு பிசையும் மெஷினை எடுத்துக்கொண்டு, இனி உணவு இயந்திரங்கள்தான் என் வழி என்கிறான். “பரோட்டா கடைக்கு மெஷின் செய்யவா நாலு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். புராஜெக்டை மாற்றச் சொல்லாதீர்கள். அதை அவனே வடிவமைக்கிறானா, அல்லது ஏதோ ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, பெயின்ட் அடித்துக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறானா என்பதை மட்டும் கவனியுங்கள். முதலாவது என்றால் அவன் கையில் ஒரு தொழில் இருக்கிறது. இரண்டாவது என்றால் நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு.

மாவு பிசைவதை நாம் வீட்டில் தினமும் பார்ப்பதால் அது சுலபமான வேலையாகத் தெரிகிறது. இயந்திரம் செய்கிறவனுக்கு அது சுலபமில்லை. பம்ப் இறைக்கும் தண்ணீர் காலையிலும் மாலையிலும் ஒரே தண்ணீர். மாவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். மைதாவில் தண்ணீர் சேர்ந்த முதல் இரண்டு நிமிடம் உதிரியாகக் கிடக்கும், மோட்டாருக்கு வேலையே இல்லை. அப்புறம் குளூட்டன் என்ற புரதப் பின்னல் உருவாகி எல்லாம் ஒரே உருண்டையாகத் திரளும், பிசையும் கொக்கியான ஹூக்கை எதிர்த்து இழுக்கும். அந்த எதிர்ப்பு ஒரு உச்சிக்குப் போகும். அதற்கு மேலும் ஓட்டினால் குளூட்டன் பின்னல் அறுந்து, மாவு தளர்ந்து, பிசுபிசுக்க ஆரம்பிக்கும். மாவு ஆலைகளின் பரிசோதனைக் கூடத்தில் ஃபாரினோகிராஃப் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் கோடாக வரைந்து காட்டுவதுதான் அதன் வேலை. உங்கள் மகன் அந்த உச்சியைத் தாங்கும்படி மோட்டாரையும், கியரையும், சுழலும் தண்டான ஷாஃப்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு பாத்திரம் நிறைய மாவு இருக்கும்போது கரன்ட் போய்த் திரும்பி வந்தால், அந்தச் சுமையோடேயே மோட்டார் மறுபடி கிளம்ப வேண்டும். இதை யோசிக்காமல் செய்த மெஷின் முதல் வாரமே ஹோட்டல்காரரிடமிருந்து திரும்பி வரும்.

கொஞ்சம் கணக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் தம்பியிடம் காட்டுங்கள்.

இரண்டு எச்பி மோட்டார் என்றால் சுமார் 1.5 கிலோவாட். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று ஓடும். அந்த வேகத்தில் அதன் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், வெறும் 10 நியூட்டன் மீட்டர்தான், மாவில் மாட்டினால் நின்றுவிடும். ஹூக் 100 சுற்றில் ஓடினால் போதும் என்று வைத்துக்கொண்டால், வேகத்தை 14.4 மடங்கு குறைக்க வேண்டும். அப்போது முறுக்குவிசை, இழப்புகளைக் கழிக்காமல், 143 நியூட்டன் மீட்டருக்கு ஏறும். இந்தக் குறைப்பை ஒரே கட்டத்தில் செய்யலாமா, பெல்ட்டில் 3, கியரில் 4.8 என்று பிரிக்கலாமா? பிரித்தால் பெல்ட்டை எந்தப் பக்கம் வைப்பது? மோட்டார் பக்கம் வைப்பதுதான் வழக்கம். அங்கே விசை குறைவு என்பதால் பெல்ட் சின்னதாகவே போதும். யாராவது அளவுக்கு மீறி மாவு போட்டால் பெல்ட் வழுக்கி, கியர் பல் தப்பிக்கும்.

ஷாஃப்டுக்கு வருவோம். 143 நியூட்டன் மீட்டருக்கு, அனுமதிக்கும் வெட்டுத் தகைவு 40 மெகாபாஸ்கல் என்று எடுத்தால், முறுக்கை மட்டும் பார்த்தால் விட்டம் 26 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆனால் மாவு ஹூக்கை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, அதனால் ஷாஃப்ட் வளையவும் பார்க்கிறது. கியரைப் பூட்டும் கீ உட்கார கீவே என்ற பள்ளம் வெட்டிய இடம் பலவீனமாகிறது. மாவு உருண்டை சுவரில் மோதும்போது அதிர்ச்சி வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் போட்டால் 35 மில்லிமீட்டர் பக்கம் வந்து நிற்கும். வேலைக்கான நேர்காணலில் “ஏன் 35, ஏன் 25 இல்லை?” என்று கேட்டால், இந்த வரிசையில் ஒரு பையன் பதில் சொல்கிறான் என்று வையுங்கள். மோட்டார், பெல்ட், கியர், ஷாஃப்ட், பேரிங், கீ, வெல்டிங், ஃபிரேம் என மெஷின் டிசைன் பாடம் முழுவதையும் அவன் ஒரே இயந்திரத்தில் தொட்டிருக்கிறான் என்பது கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். வாங்கி வந்த புராஜெக்டை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் தாண்ட முடியாது.

இன்னொரு விஷயம் சூடு. மோட்டார் மாவுக்குள் செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி கடைசியில் மாவின் சூடாகத்தான் முடிகிறது. பிரெட் செய்கிறவர்கள் பிசைந்து முடிக்கும்போது மாவு 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். மே மாதம் ஈரோட்டில் மைதா மூட்டையே 35 டிகிரியில் இருக்கும். அதனால்தான் பேக்கரிகளில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைகிறார்கள். ஹூக் எவ்வளவு வேகம் சுற்றலாம் என்பதை மோட்டாரின் பலத்தோடு மாவின் வெப்பநிலையும் சேர்ந்து முடிவு செய்கிறது. மெக்கானிக்கல் பையன் உணவு அறிவியலையும் படிக்க வேண்டியிருப்பது இங்கேதான். எனக்கு இந்தத் துறை பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வகை மெஷின் என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை என எழுதியிருக்கிறீர்கள். ஸ்பைரல் வகையில் பாத்திரமும் சுற்றும், ஹூக்கும் சுற்றும், நடுவில் ஒரு தண்டு அசையாமல் நின்று மாவைப் பிளந்துகொடுக்கும். மாவுக்கென்றே ஆன வடிவம் இது, சூடும் குறைவு. பிளானட்டரி வகையில் பாத்திரம் நிற்கும். ஹூக் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பாத்திரத்தையும் வலம் வரும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், ஹோபார்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், 1908-இல் ஒரு பேக்கரிக்காரர் கரண்டியால் மாவு கலக்கிச் சிரமப்பட்டதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார் என்பார்கள். அதன் வீட்டு மாதிரி 1919-இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வந்தது. கியர் பற்களின் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுப் பழக பிளானட்டரி அருமையான பயிற்சி. ஆனால் கியர்பாக்ஸ் பாத்திரத்துக்கு நேர் மேலே இருப்பதால், சீல் தேய்ந்தால் ஆயில் மாவில் சொட்டும். முதல் முயற்சிக்கு, அதுவும் பரோட்டா மாவுக்கு, ஸ்பைரல்தான் நல்லது என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன், நீங்களும் சொல்லுங்கள். சுற்றும் ஹூக்குக்குள் கை போகாதபடி பாத்திரத்துக்கு மேல் கம்பித் தடுப்பு வேண்டும். தடுப்பைத் தூக்கினால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்சும் வேண்டும். கரன்ட் போய் வரும்போது மெஷின் தன்பாட்டுக்கு ஓடத் தொடங்கக் கூடாது. பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். மோட்டாருக்குச் சுமையோடு கிளம்பும் பலம் இருக்க வேண்டும், அந்தக் கிளப்பம் மனிதன் சொல்லித்தான் நடக்க வேண்டும். ஓடுகிற மெஷினில் ஒட்டிய மாவை வழிக்கப் போய் விரல் இழப்பது கற்பனை இல்லை. கல்லூரி மாதிரிகளில் பெரும்பாலும் இந்தத் தடுப்பு இருப்பதில்லை, மார்க் போடுகிறவர்களும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் அவன் வைக்கட்டும்.

சரி, வேலை எங்கே என்பதற்கு வருகிறேன்.

கோவை உங்களுக்குப் பக்கம்தான். அங்கே 1955-இல் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கியதிலிருந்து சமையல் இயந்திரத் தொழில் வேர்பிடித்தது. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மோட்டார், பம்ப், வார்ப்பாலை, லேத் ஜாப் ஒர்க் எல்லாம் ஒரே ஊரில் கிடைப்பதால், பேக்கரி இயந்திரம், ஹோட்டல் கிச்சன் இயந்திரம் செய்கிற சின்ன, நடுத்தர நிறுவனங்கள் அங்கே நிறைய. ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை இருந்தால் மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சப்பாத்தி, தோசை இயந்திரங்களை வடிவமைத்த இடம் அது. தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதி மேற்படிப்புக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்தத் திசையையும் பார்த்துவைக்கட்டும்.

அப்பாக்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பிசைதல் மாவோடு முடிவதில்லை. டயர் தொழிற்சாலையில் ரப்பரையும் கார்பன் தூளையும் சேர்த்துப் பிசைவது இதே தத்துவத்தில், பல மடங்கு பெரிய அளவில் நடக்கிறது. ஃபெர்ன்லி பான்பரி 1916-இல் காப்புரிமை பெற்ற மூடிய மிக்ஸரின் வழிவந்தவைதான் அங்கே ஓடுகின்றன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம், மதுரை என்று தமிழ்நாட்டில் டயர் ஆலைகள் இருக்கின்றன. சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்ஐடி பொறியியல் கல்லூரியில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. மருந்து மாத்திரைக்கான ஈரத் துகள், சிலிக்கோன் பசை, லித்தியம் பேட்டரியின் மின்முனைக் கூழ் எல்லாவற்றிலும் பிசையும் இயந்திரம் உண்டு. பேட்டரிக் கூழைக் கலக்கப் பிளானட்டரி மிக்ஸரைத்தான் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். மாவின் எதிர்ப்பை அளந்து, அதற்கு ஏற்ப ஷாஃப்ட் போட்ட பையனுக்கு அந்த ஆலைகளில் பேச ஒரு விஷயம் இருக்கும்.

மறைக்க வேண்டாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. சின்ன நிறுவனத்தில் தொடக்கச் சம்பளம் ஐடி கம்பெனியை விடக் குறைவாகவே இருக்கும். முதல் வருடங்கள் ஷாப் ஃப்ளோரில் கிரீஸ் கையோடு போகும், டிசைன் மேஜை பிறகுதான். வீட்டில் கல்விக்கடன் தவணை உடனே கட்டியாக வேண்டிய நிலை என்றால், வளாகத் தேர்வில் கிடைக்கும் ஐடி வேலையை வேண்டாம் என்று தள்ளும்படி நான் சொல்ல மாட்டேன். அதை மகனோடு உட்கார்ந்து, தொகையைத் தாளில் எழுதிப் பேசுங்கள், அவனுக்குத் தெரியாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு திட்டாதீர்கள். பைத்தானை அவன் வெறுக்கவும் வேண்டாம். அவன் போடப் போகிற கணக்குகளை நூறு விதமாக மாற்றிப் பார்க்க அது உதவும். பட்டறைச் சத்தமும் உலோகத்தூளும் பிடிக்காத பையன் என்றால் இந்தப் பாதையே வேண்டாம். உங்கள் மகன் விடுமுறையில் பக்கத்து லேத் பட்டறையில் போய் நிற்கிறான் என்று நீங்களே குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி.

இந்த வருடம் அவன் செய்ய வேண்டியது இது. முதலில் பரோட்டா மெஷின் ஓடுகிற இரண்டு மூன்று ஹோட்டல்களில், மாலை மாவு போடும் நேரத்தில், அனுமதி கேட்டுப் போய் நிற்கட்டும். மாஸ்டரிடம் பேசட்டும். மாவு ஹூக்கில் ஏறிக்கொள்வது, அடியில் காய்ந்த மைதா கலக்காமல் தங்குவது, கழுவ முடியாத மூலையில் பழைய மாவு புளிப்பது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத குறைகளை அவர் சொல்வார். ஒரு எலக்ட்ரீஷியனைத் துணைக்கு வைத்து மோட்டாரில் வாட் மீட்டர் மாட்டி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்கட்டும். ஆம்பியர் மட்டும் பார்த்தால் ஏமாற்றும், இண்டக்‌ஷன் மோட்டார் வெறுமனே ஓடும்போதே நிறைய ஆம்பியர் இழுக்கும். அந்த எண்களைக் கோடாக வரைந்தால், மேலே சொன்ன உச்சி அவன் கையாலேயே தாளில் தெரியும். அந்த ஒரு தாள் அவன் பயோடேட்டாவில் பத்து சான்றிதழ்களுக்குச் சமம்.

பிறகு டிராயிங். சாலிட்வொர்க்ஸில் பளபளப்பான படம் போடுவது எல்லோருக்கும் வரும். பேரிங் உட்காரும் இடத்துக்கு என்ன டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதிய டிராயிங்கை லேத்காரரிடம் கொடுத்து, அவர் “இதை எப்படிப்பா கடையறது?” என்று கேட்கும் இடத்தில்தான் படிப்பு நடக்கிறது. மாவு படும் பாகமெல்லாம் எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வெல்டிங் தழும்பைத் தேய்த்து மழமழப்பாக்கட்டும். பாத்திரத்துக்கு மேலே கழன்று விழக்கூடிய போல்ட் எதுவும் வேண்டாம். என்ன செலவானது என்று பாகம் பாகமாக ஒரு கணக்கு நோட்டும் வைக்கட்டும், விலை சொல்லத் தெரியாத டிசைனரை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை.

படிப்பு முடிந்ததும் வேலை உடனே அமையாவிட்டால், மத்திய அரசின் அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டத்தில் ஒரு வருடம் ஏதாவது இயந்திர நிறுவனத்தில் சேரலாம். சொந்தத் தொழில் என்று இப்போதே பேசுகிறான் என்றால் தடுக்க வேண்டாம், தள்ளிப்போடச் சொல்லுங்கள். சில வருடம் வேறொருவர் கம்பெனியில் சர்வீஸ் அழைப்புகளுக்குப் போய் வரட்டும். எந்த பேரிங் எத்தனை மாதத்தில் போகிறது என்று அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காக மாநில அரசு வைத்திருக்கும் மானியக் கடன் திட்டம் அது.

அடுத்த முறை நீங்கள் எழுத வேண்டாம், அவனை எழுதச் சொல்லுங்கள். எத்தனை கிலோ மாவுக்கு மெஷின், ஹூக்கின் வேகம் என்ன, ஷாஃப்ட் எத்தனை மில்லிமீட்டர், ஏன் என்று ஒரு பக்கம் போதும். முதல் ரிவியூவுக்கு முன்னால் அனுப்பினால், திருத்த வேண்டியதைக் குறித்து அனுப்புகிறேன்.